எழுதியவரே காட்டவேண்டிய கணக்கு



காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு வழியாகப் பாலாற்றைக் கடந்து தெற்கே செல்வோர் ஐயங்கார்குளம் என்னும் சிற்றூரை அறிந்திருப்பர். சஞ்சீவிராயர் கோயிலும், படியிறங்கிச் சென்றால் நிலத்தடியில் மண்டபத்தோடு அமைந்த நடவாவிக் கிணறும் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. ஆயினும் மத்ரஸா வேலையாக அவ்வழியே அடிக்கடி பேருந்தில் போய்வரும் என் கண்ணில் முதலில் படுவது அங்குள்ள பெரிய ஏரிதான். தாதசமுத்திரம் என்பது அதன் பெயர். விசயநகர அரசர்களின் காலத்தில் செல்வாக்கோடு வாழ்ந்த இலட்சுமிகுமார தாதாச்சாரியாரின் பெயரால் வழங்குவது அது.

ஏரியை வெட்டுவித்தவரின் பெயர் நானூறு ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. நிற்க வேண்டியதுதான். ஆனால், அந்த ஏரி ஏரியாகவே நீடிக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் யாரோ தூர் வாரியிருக்க வேண்டும். மதகைச் செப்பனிட்டிருக்க வேண்டும். கரை உடைந்தபோது மண் கொட்டியிருக்க வேண்டும். அதற்கான பொருளை ஒருவர் வசூலித்து, ஒருவர் வைத்திருந்து, ஒருவர் செலவிட்டிருக்க வேண்டும். அவர்களுடைய பெயர் எதுவும் நமக்குத் தெரியாது. பொதுப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் நிலை என்றும் அதுதான். ஒழுங்காக நடக்கும் வரை எவரும் அவரை நினைப்பதில்லை. ஒழுங்கு கெட்டது என்று ஒரு பேச்சு எழுந்துவிட்டாலோ அவரைத் தவிர வேறு யாரையும் நினைப்பதில்லை!

இப்படிப் பொதுப் பணத்தைக் கையாண்டோரைப் பற்றிக் கல்லில் எழுதி வைத்த ஊர் ஒன்று எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. அதுதான் உத்திரமேரூர். பட்டப்படிப்பில் வரலாற்றை எடுத்துப் படித்த காலத்தில் 'குடவோலை' என்று ஒற்றைச் சொல்லாக மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துபோனவன் நான். பல ஆண்டுகள் கழித்து, வேறொரு மனவேதனையைச் சுமந்துகொண்டுதான் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் முன்னே போய் நின்றேன். அந்த வேதனையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் கல்வெட்டு.

1898ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த அந்தச் சாசனங்கள் இரண்டு. முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் ஒன்று. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல் மற்றொன்று. முதல் ஏற்பாட்டில் குறை கண்டு இரண்டே ஆண்டுகளில் திருத்தியிருக்கிறார்கள் என்பதே கவனிக்கத் தக்கது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். இவ்வாறு தேர்ந்தவர்களில் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். இது பாடநூல் சொல்லும் செய்தி.

பாடநூல் விரைந்து கடந்துபோகும் செய்தி ஒன்றுண்டு. யார் யார் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்று சாசனம் ஒரு பட்டியல் தருகிறது. திருடியவர், பெரும்பாவம் செய்தவர் என்றெல்லாம் அதில் வருகின்றனர். அந்தப் பட்டியலில் முன்னே நிற்பவர் யார் தெரியுமா? முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்! அவர் திருடினார் என்று யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதே போதுமானது.

அவர் மட்டுமா? அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயோடு பிறந்தான், தகப்பனோடு பிறந்தான், தகப்பன், உடன்பிறந்தான், மாமனார், மனைவியோடு பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், மகன் என்று உறவு முறைகளை ஒன்றுவிடாமல் எழுதி, இவர்களும் கூடாது என்கிறது கல்வெட்டு. படிக்கும்போது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு திகைப்பு வந்தது. ஒருவர் குற்றத்தை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. இன்றைய சட்டமும் அப்படித்தான். ஆகவே இந்த விதியை அப்படியே ஏற்கச் சொல்லமாட்டேன். ஆயினும் இதை எழுதியவர்கள் ஊர் நடப்பை நன்கு அறிந்தவர்கள். தான் விலகி, மைத்துனனை உட்காரவைத்து, சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருப்பவரை நாம் பார்த்ததில்லையா?

கணக்கு எழுதுபவருக்கும் தனி விதி உண்டு. நேர்வழியில் பொருளீட்டுபவரே கணக்கு எழுத வேண்டும். எழுதிய காலத்துக் கணக்கைப் பெரிய வாரியத்தார் முன் காட்டி, தூயவர் என்று சொல்லப்பட்ட பிறகே அவர் மறுபடியும் அப்பணிக்கு வரலாம். எழுதிய கணக்கை எழுதியவரே காட்டவேண்டும். வேறொரு கணக்கர் புகுந்து அதை முடிக்கக்கூடாது. இந்தக் கடைசி வரியின் பொருளைக் கேட்டபோது, வாசகர்களே, அந்த மண்டபத்திலேயே நான் சற்று உட்கார்ந்துவிட்டேன். ஏனெனில் வேறொருவர் எழுதிய கணக்கை முடிக்கப் புகுந்து, முடிக்க மாட்டாமல் வெளியே வந்தவன் நான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அங்கே முத்தவல்லியாக இருந்த பெரியவர், ஊரார் எல்லோராலும் 'பெரிய பாய்' என்று அழைக்கப்பட்டவர். மக்தபுக்கு இரண்டு அறைகள் கட்ட வேண்டுமென்று வசூலில் இறங்கினார். வளைகுடாவிலிருந்த பிள்ளைகள் அனுப்பினார்கள். உள்ளூரில் பெண்கள் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அறைகள் எழும்பின. எவரும் கணக்குக் கேட்கவில்லை. 'பெரிய பாயிடமா கணக்குக் கேட்பது?' என்பதே பேச்சு. அதை மரியாதை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அறைகள் பூசி முடிந்த மூன்றாம் மாதம் அவர் மவுத்தானார். நாற்பது நாள் கழியுமுன் தேநீர்க் கடையில் பேச்சு தொடங்கிவிட்டது. 'இரண்டு அறைக்கு இவ்வளவா? அதே காலத்தில் அவர் வீட்டுச் சுவரும் எழும்பியதே?'

அவருடைய மூத்த மகன் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என்முன் வைத்தார். "ஹஜ்ரத், நீங்கள் படித்தவர், இதைப் பாருங்கள். அத்தா எதையும் நோட்டில் எழுதுகிற பழக்கமில்லை. இதற்குள்தான் போட்டு வைப்பார்" என்றார். டப்பாவில் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், செங்கல் சூளைச் சீட்டுகள், கொத்தனார் கூலி எழுதிய சிகரெட் அட்டைகள், மணல் லாரிக்காரர் கொடுத்த துண்டுத் தாள்கள். இஷாவுக்குப் பின் ஒன்பது இரவுகள் உட்கார்ந்தேன். அடிக்கட்டைகளின்படி வரவு ரூ. 3,12,450. தெளிவான சீட்டுகளின்படி செலவு ரூ. 3,20,100. அதாவது அவர் தம் கையிலிருந்து ரூ. 7,650 போட்டிருக்கிறார்! மகனின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ரூ. 6,350க்குப் பெயரும் நாளும் இல்லாத சில சிமெண்டுச் சீட்டுகள் இருந்தன. அவை மக்தபுக்கா, வீட்டுச் சுவருக்கா? மக்தபுக்கு என்றால் அவர் போட்டது ரூ. 14,000. வீட்டுக்கு என்றால் அதை ஒதுக்கிவிடலாம். அப்போதும் அவர்மீது குற்றமில்லை. இதனை ஜமாஅத்தில் சொன்னபோது ஒருவர் எழுந்து, "ரசீதுப் புத்தகம் எத்தனை அடித்தது?" என்று கேட்டார். ஏழு. டப்பாவில் இருந்தவை ஆறு. ஐந்தாம் எண் புத்தகம் இல்லை. அது எங்கே போயிற்று, அதில் வசூல் நடந்ததா, வெறுமையாகவே கிடந்து தொலைந்ததா? பதில் சொல்லக் கூடியவர் ஒருவர்தான். அவர் கபருக்குள் இருந்தார்.

அந்த மகன் இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில்தான் ஜும்ஆ தொழுகிறார்.

பெரிய பாய் நேர்மையானவர் என்றே நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை ஐந்தாம் எண் புத்தகம் ஆகாது. அவர் உயிரோடிருந்தபோது ஆண்டுக்கொருமுறை, சண்டையில்லாத நாளில், சிரித்த முகத்தோடு நாங்கள் கேட்டிருந்தால் அவரே வாயால் சொல்லியிருப்பார். கேட்காமல் விட்டது நாங்கள் அவருக்குச் செய்த மரியாதையன்று, துரோகம். கணக்குக் கேட்பது என்றாலே சந்தேகப்படுவது என்று நம் ஊர்களில் ஒரு பொருள் ஏறிவிட்டது. அதனால் சந்தேகம் வந்த பிறகே கேட்கிறோம். அப்போது கேட்கப்படுவது கணக்கா? தலையல்லவா!

நம் மார்க்கம் இதை இப்படியா கற்பித்தது? திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது என்று மத்ரஸாப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது பேசுவது தொழுகையைப் பற்றியன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி. ஸுலைம் குலத்தாரிடம் ஜகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யா என்பவர், 'இது உங்களுக்கு. இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது' என்று பிரித்து வைத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தனியறையில் பேசி முடிக்கவில்லை. மிம்பரில் ஏறி எல்லோர் முன்னிலையிலும் பேசினார்கள். பதவி இல்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பது அன்று கேட்கப்பட்ட கேள்வியின் கருத்து. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தை எழுதி வைத்துக்கொண்டதையும், பிறகு பெருகியிருந்தால் விசாரித்ததையும் வரலாறு சொல்கிறது. அந்த ஆளுநர்களில் ஸஹாபிகளும் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்!

உத்திரமேரூர்க்காரர்களுடைய நுட்பத்துக்கு இன்னொரு சான்று சொல்கிறேன். பொன்னின் மாற்றுப் பார்க்கச் சிலரை ஊர்ச்சபை அமர்த்தியது. உரைகல்லில் பொன்னைத் தேய்க்கும்போது இம்மியளவு ஒட்டுமல்லவா? அதை மெழுகில் ஒற்றி எடுத்து ஏரி வாரியத்தாரிடம் சேர்த்துவிட வேண்டும். அந்தத் துகளும் ஊர்ப் பணம். அது போய்ச் சேர்ந்த இடம் ஏரி!

இதற்காக அந்தச் சபையை நான் வானளாவப் புகழவில்லை. அது நிலமுடைய, வேதம் கற்ற அந்தணர்களின் சபை. 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்ட ஆண்களுக்கு மட்டும் இடம். ஏரியில் மண் சுமந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை கிடையாது. 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டதும் எங்கள் பக்கத்தில் பலருக்குப் பெருமை தாங்கவில்லை. 'ஜனநாயகத்தின் பிறப்பிடம்' என்று பேசினார்கள். தேர்தலை நினைத்துப் பெருமைப்பட்டவர்களில் கணக்கை நினைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

இன்று சட்டம் குடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையை உயிர்ப்பித்தன. ஊராட்சியின் வரவு செலவு அச்சபையின் முன் வைக்கப்பட வேண்டும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் என்றிருந்த கூட்டங்களோடு, 2022இல் மார்ச் 22ஆம் நவம்பர் 1ஆம் சேர்ந்தன. காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையொப்பமிட வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு கையொப்பம் பலவிடங்களில் இரட்டைக் காவலாக இல்லாமல், ஒருவரை ஒருவர் முடக்கும் ஆயுதமாக ஆனதும் உண்டு. கையொப்பம் எத்தனை இருந்தாலும் ஊர் காது கொடுத்துக் கேட்காவிட்டால் பயன் என்ன?

கேட்டால் என்ன நடக்கும் என்பதை இராஜஸ்தானத்தின் ஏழைகள் காட்டினார்கள். சென்னையில் பிறந்த அருணா ராய் அம்மையாரும் தோழர்களும் 1990இல் அமைத்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தது. வாசித்தது, அவ்வளவே. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை அவ்வூர் மக்களே எழுந்து சொன்னார்கள். கட்டி முடியாத கட்டடம் முடிந்ததாகக் காகிதத்தில் நின்றதையும் சொன்னார்கள். அங்கிருந்து கிளம்பிய கோரிக்கைதான் 2005இல் நாடு முழுமைக்குமான தகவல் உரிமைச் சட்டத்தில் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு 1997லேயே அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. விதிவிலக்குகள் மிகுந்திருந்ததால் அது பெரிதும் பயன்படவில்லை.

ஆப்பிரிக்காவிலும் இதற்கொரு சான்று உண்டு. உகாண்டா நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கிய மானியத்தில் 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஆய்வொன்று கண்டது. பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்று செய்தித்தாளில் வெளியிட்டார்கள். பள்ளிக் கதவிலும் ஒட்டினார்கள். 2001இல் 80 விழுக்காட்டுக்கு மேல் சென்றடைந்தது. முழுப் பெருமையும் செய்தித்தாளுக்கே உரியதா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆயினும் கதவில் ஒட்டிய தாளைப் படித்த தலைமையாசிரியர் மேலிடத்தில் கேட்காமல் இருந்திருப்பாரா?

அறச் சொத்துகளுக்கு வருவோம். 1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் ஒவ்வொரு முத்தவல்லியும் மார்ச் 31 வரையிலான ஆண்டுக் கணக்கை வாரியத்துக்கு அனுப்ப வேண்டுமென்றது. தக்க காரணமின்றித் தொடர்ந்து இரண்டு ஆண்டு அனுப்பாதவரை நீக்கலாம் என்றும் அப்போது எழுதப்பட்டது. 2025இல் அச்சட்டம் பெரிதும் திருத்தப்பட்டது. அதைக் குறித்த வாதங்களும் வழக்கும் தனியே பேசத் தக்கவை. நான் சொல்ல வந்தது வேறு. நிகர வருமானத்தில் 7 விழுக்காடு வரை வாரியத்துக்குச் செலுத்த வேண்டுமென்று இருந்தது. 2025 திருத்தத்தில் அது 5 ஆயிற்று. வருமானத்தைக் குறைத்து எழுதினால் செலுத்துவதும் குறையும். ஆகவே, நேர்மையான முத்தவல்லிகூட 'பள்ளிவாசலுக்கு மிச்சம் பிடிக்கிறேன்' என்று எண்ணி வாரியத்துக்கு ஒரு கணக்கு, தமக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலவிடங்களில் ஏற்பட்டது. இரண்டு கணக்கு வைத்த பிறகு ஊராருக்கு எதை வாசிப்பது? வாசிக்காமலே இருந்துவிடுவதுதான் எளிது!

வாரியத்துக்குப் போகும் தாள் வேண்டாமென்று சொல்லவில்லை. அது சட்டம்; கட்டாயம் அனுப்ப வேண்டும். ஆனால் சென்னையில் ஒரு கோப்பில் உறங்கும் தாள், பிடி அரிசி கொடுத்த பெண்ணுக்குப் பதிலாகாது.

பெண்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1997 முதல் மகளிர் திட்டத்தின் கீழ் நம் கிராமங்களில் பரவிய சுய உதவிக் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கே நான் பேசவில்லை. அவர்கள் கணக்கு நடத்தும் முறையை மட்டும் பாருங்கள். வட்டமாக உட்காருகிறார்கள், பணத்தை நடுவில் வைத்து எண்ணுகிறார்கள், யார் எவ்வளவு என்று உரக்கச் சொல்லி எழுதுகிறார்கள், எல்லோரும் கையொப்பமிடுகிறார்கள். எழுத்தறியாத மூதாட்டிக்கும் தன் பாக்கி எவ்வளவு என்று வாய்ப்பாடம். அந்தப் பெண்களின் கணவன்மார்தாம் ஜமாஅத்தில் நிர்வாகிகள். வீட்டுக்காரி வாராவாரம் செய்வதை இவர்கள் ஆண்டுக்கொருமுறை செய்யத் தயங்குகிறார்கள்!

நான் பணியாற்றும் மத்ரஸாவில் இவ்வாண்டு ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். ஷஃபான் மாதத்துக் கடைசி ஜும்ஆவுக்குப் பின், பொருளாளர் தாம் எழுதிய நோட்டைத் தாமே வாசிக்க வேண்டும், வேறொருவர் வாசிக்கக்கூடாது. அடுத்த அறையில் பெண்களும் வந்து உட்காரலாம் என்று அறிவித்தோம். பொருளாளருக்கு முதலில் வருத்தம். "என்மீது சந்தேகமா, ஹஜ்ரத்?" என்றார். பிஸ்கட் டப்பாவின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்; இரண்டு இரவு உட்கார்ந்து கூட்டிப் பார்த்து வந்தார்.

வாசிப்பு முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. ஆண்கள் பகுதியில் பாதிப் பேர் இடையில் எழுந்து போய்விட்டார்கள். உஸ்தாதுமார்களின் சம்பளம், மின் கட்டணம், பித்ரா அரிசி வாங்கிய விவரம் எல்லாம் வாசித்து முடித்து, "கேட்க விரும்புவோர் கேட்கலாம்" என்றார் பொருளாளர். சிறிது நேரம் அமைதி. பிறகு திரைக்கு அப்பாலிருந்து வயதான ஒரு தாயின் குரல் வந்தது.

"நாங்கள் மாதாமாதம் எடுத்து வைக்கிற பிடி அரிசி எத்தனை மூட்டை வந்தது, எங்கே போனது? அதை வாசிக்கவில்லையே, தம்பி?"

பொருளாளர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கென்று நோட்டில் நாங்கள் ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கவில்லை.